ஊரில் நிற்கும் பழைய காரை எடுப்பதற்கு முன்

யாழ்ப்பாணத்து வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ இன்னமும் நிற்கிறது, விடுமுறையில் அதையே ஓடலாம் என்று நினைப்பவர்கள், கடைசியாக அதில் கைவைத்தவர் யார், எதை மாற்றினார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். உறவினர் தரும் உதிரிப்பாகப் பட்டியலை அதற்குப் பிறகு பார்த்தால் போதும். எங்கள் கார் கொஞ்சத் தூரம் ஓடியதும் நின்றுவிடுகிறது என்பதற்கு, "காபரேற்றர் முடிஞ்சுது அத்தான், வரேக்கை புதுசு ஒண்டு கொண்டு வாங்கோ" என்று மச்சான் மாதக்கணக்காகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான். லண்டனில் அது மலிவாகக் கிடைக்கும் என்பது அங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட உண்மை. விலையை நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் அந்தக் காபரேற்றர் புதிதாகப் பூட்டப்பட்டது. கார் அழகாக ஸ்ராட் ஆனது. வாடகைக்கு வான் பிடிப்போம் என்ற என் யோசனையை, "கொப்பர் ஓடின கார் நிக்கேக்கை வான் என்னத்துக்கு?" என்ற ஒரே கேள்வியால் மாமி தள்ளிவிட்டார். நயினாதீவு அம்மனிடம் போவதற்காகக் குறிகட்டுவான் துறையை நோக்கிப் புறப்பட்டு, பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே இருபுறமும் கடல் கிடக்கும் அந்த நீண்ட தாம்போதியில், நிழல் என்று எதுவுமில்லாத உச்சிவெயிலில், கார் இருமி இருமி நின்றது. கால்மணி நேரம் விட்டால் ஓடும், பிறகு மறுபடி நிற்கும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கொயில்தான் பழுது என்றார் ஒருவர், சூட்டில் பெற்றோல் ஆவியாகிறது என்றார் இன்னொருவர், மாமியோ புறப்பட்ட நேரம் சரியில்லை என்றார். படகைத் தவறவிட்டதும் அது என் நேரமாகிவிட்டது.

இப்படி நிற்கும் காரில் பெற்றோல் வரவில்லையா, தீப்பொறி வரவில்லையா என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும். மைனரில் சாவியைத் திருப்பியதும் பெற்றோலை இழுத்துத் தரும் எஸ்.யு. என்ற வகை மின்பம்பி சில தடவை டிக் டிக் என்று அடித்து ஓய்ந்தால் காபரேற்றரின் கிண்ணம் நிறைந்துவிட்டது என்று பொருள். ஓயாமல் விரைந்து அடித்தால் தாங்கி வெறுமையாக இருக்கிறது, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் அதற்குள் மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் தொடுமுனையான பொயின்ற் ஒட்டியிருக்கலாம், மெதுவாகத் தட்டினால் சில வேளை உயிர் வரும். பம்பியில் குறையில்லாமல், சூடேறிய பிறகு மட்டும் தீப்பொறி மங்குமானால் பொயின்றோடு சேர்ந்திருக்கும் சிறு மின்தேக்கியான கொண்டென்சரைச் சந்தேகிக்கலாம். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் விநியோகியின் பொயின்ற் இடைவெளி ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர், பிளக்கினுடையது 0.64. இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பது இளம் மெக்கானிக்குகள் பலருக்குத் தெரியாது. முனைகளை மாறிப் பூட்டிவிடாதபடி, பற்றரி மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

எங்கள் பம்பியோ மூச்சு வாங்குவதுபோல் நெடிய இடைவெளி விட்டு அடித்தது. வேலணையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்த முதிய மெக்கானிக், பொனற்றைத் திறக்காமல் நேரே பின்னால் போய்ப் பெற்றோல் மூடியைத் திறந்தார். புஸ் என்று காற்று உள்ளே போனது, பம்பி படபடவென்று அடிக்கத் தொடங்கியது. 2022இல் பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்றபோது, களவுக்குப் பயந்து மச்சான் வேறொரு வாகனத்தின் பூட்டு மூடியைப் பூட்டியிருக்கிறான்; அதில் காற்றுத்துளை இல்லை. பெற்றோல் இறங்க இறங்கத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பியை மறித்திருக்கிறது. அவனை ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நாங்கள் ஒருவரும் ஓடாத காருக்காக வரிசையில் நின்றவன் அவன்.

1990இல் வடக்குக்கு அரசின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அரிதானபின், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கி, மண்ணெண்ணெயில் அப்பா இதே காரை ஓடியதை நான் கடிதத்தில்தான் அறிந்தேன். அப்படி ஓடிய எஞ்சின்களில் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி வைத்து, பிறகு திருத்தாமல் விட்டிருக்கக்கூடும். இழுவை குறைந்து எளிதில் சூடேறினால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது தாங்கியைப் பாதியில் விடாதீர்கள், ஈரம் படிந்து துருப்பிடிக்கும். பற்றரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பழைய காபரேற்றரை எறிய விடாதீர்கள், எங்களுடையதில் ஒரு குறையும் இருக்கவில்லை. மச்சான் இப்போது ராடியேற்றர் கேட்கிறான்.