நாடுகளின் கொள்கைகளை ஒப்பிடும் ஆய்வாளராக என்ன செய்ய வேண்டும்?

அரசறிவியல் படித்துவிட்டு ஒப்பீட்டுப் பொதுக் கொள்கைப் பக்கம் போக நினைக்கிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முனைவர் பட்ட ஆய்வு நடக்கும் நாலைந்து வருடமும் கூடவே இருந்தாலும் சலிக்காத ஒரு கேள்வியை முதலில் தேடுங்கள்.

எப்படிப்பட்ட கேள்வி? ஸ்பெயினில் 1979-லேயே ஒரு சட்டம் வந்தது: உயிரோடு இருந்தபோது மறுப்பு சொல்லாதவர் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்ததாகவே கொள்ளலாம். இன்று உறுப்பு தானத்தில் உலகிலேயே முன்வரிசையில் இருக்கும் நாடும் அதுதான். அதற்குக் காரணம் அந்தச் சட்டம்தானா? சட்டத்தை மட்டும் படித்தவர், இதே சட்டத்தை மற்ற நாடுகளும் போட்டால் போதும் என்று எழுதிவிடுவார். ஆனால் சட்டம் வந்து பத்து வருடம் ஆன பிறகும் அங்கே வருடத்துக்கு 10 லட்சம் பேருக்குச் சுமார் 14 கொடையாளர்கள்தான். 1989-ல் இதற்கென்றே ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கி, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை, அதுவும் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களையே அமர்த்திய பிறகு, அடுத்த பத்து வருடத்துக்குள் அது 30-ஐத் தாண்டியது. இன்றும் குடும்பத்தாரைக் கேட்காமல் உறுப்பை எடுப்பதில்லை. சட்டப் புத்தகத்துக்கும் மருத்துவமனை வராந்தாவுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைத் தோண்டுவதுதான் இந்தத் தொழில், எனக்கு இதில் பிடித்ததும் அதுதான்.

அப்புறம் நாடுகளைத் தேர்ந்தெடுப்பது. தெரிந்த நாடு, தரவு சுலபமாகக் கிடைக்கிற நாடு என்று எடுத்தால் ஆய்வுக்குழுவின் முதல் கேள்விக்கே தடுமாறுவீர்கள். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-ல் சொன்ன வழி இன்னும் உதவுகிறது: மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்து, விளைவில் மட்டும் வேறுபடும் இரண்டைப் பக்கத்தில் வைத்து, வேறு எதில் வித்தியாசம் என்று தேடுங்கள். அச்சு அசலாக அப்படி இரண்டு நாடு கிடைக்காது, சரி, முடிந்தவரை நெருங்கினால் போதும்.

புள்ளியியலும் அதற்கான ஆர் (R) மென்பொருளும் கட்டாயம், அதில் விவாதமே வேண்டாம். ஆனால் பலர் விட்டுவிடுவது மொழியை. ஆய்வு செய்யும் நாட்டின் நாடாளுமன்றக் குழு அறிக்கையை அதன் மொழியிலேயே படிக்க முடிந்தால் மொழிபெயர்ப்பில் வராத சண்டைகளெல்லாம் கண்ணில் படும். அதிகாரிகளைப் பேட்டி காணும்போது "இந்தக் கொள்கை வெற்றியா?" என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் பதில் வரும். "ஒரு விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்தால் அடுத்து எங்கே போகும்?" என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு பேராசிரியர் பணி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பாரிஸில் இருக்கும் ஓஈசிடி (OECD) என்ற பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு, உலக வங்கி, அரசுகளின் கொள்கைப் பிரிவுகள், கொள்கைகளை ஆராய்ந்து யோசனை சொல்லும் சிந்தனைக் குழுக்கள் என்று வாய்ப்புகள் இருக்கின்றன. அங்கே 300 பக்க ஆய்வேட்டை உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரமிருக்காது. அதனால் ஆய்வேடு எழுதும்போதே ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டு பக்கக் குறிப்பாகச் சுருக்கி, துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், அவர் எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே திருத்துங்கள்.