இலவச இசை வகுப்பு தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி முடிந்தபின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி இசை கற்றுத்தர முன்வருபவர்கள் நல்ல மனத்துடன்தான் வருகிறார்கள். ஆயினும் யாரை எண்ணி வகுப்பு தொடங்கப்பட்டதோ அந்தப் பிள்ளைகளே சில மாதங்களில் ஒவ்வொருவராக நின்றுவிடுவதும், கட்டணம் செலுத்தியும் கற்றிருக்கக்கூடிய பிள்ளைகள் மட்டும் எஞ்சுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. இதைப் பிள்ளைகளின் ஆர்வக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் காரணம் பெரும்பாலும் வகுப்பை அமைத்த விதத்தில்தான் இருக்கிறது என்பதைச் சில ஆண்டுகள் இத்தகைய வகுப்புகளின் உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

கட்டணம் இல்லை என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று நம்புவது

மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975 ஆம் ஆண்டு தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ இயக்கம் இலட்சக்கணக்கான பிள்ளைகளைச் சேர்வாத்தியக் குழுக்களில் (ஆர்க்கெஸ்ட்ராக்களில்) இலவசமாகச் சேர்த்தது; பல நாடுகள் அதை முன்மாதிரியாகக் கொண்டன. அதன் 16 மையங்களில் 6 முதல் 14 வயது வரையிலான 2,914 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மற்றவர்களுக்கு ஓராண்டு கழித்தும் இடமளித்து நடத்திய ஆய்வு ஒன்று 2017 இல் வெளியானது. பிள்ளைகளின் தன்னடக்கம் ஓரளவு மேம்பட்டதையும், நடத்தைச் சிக்கல்கள் சில பிரிவினரிடம் குறைந்ததையும் அது பதிவுசெய்தது. எனினும் இதைப் படிக்கும் ஒவ்வோர் அமைப்பாளரும் நிறுத்திப் பார்க்க வேண்டிய எண்கள் வேறு: அந்த மையங்கள் இருந்த மாநிலங்களில் ஏழ்மையில் வாழும் பிள்ளைகள் 46.5 விழுக்காடு, வகுப்பில் இடம்பெற்றவர்களுள் ஏழைப் பிள்ளைகள் 16.7 விழுக்காடு மட்டுமே. ஏழைப் பிள்ளைகளுக்கென்றே உலகம் அறிந்த ஓர் இயக்கத்திலும், விருப்பமுள்ளவர் வந்து சேரலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் முதலில் உள்ளே வருபவர்கள் ஓரளவு வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளே என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

ஏன் இப்படி நேர்கிறது? பள்ளியிலிருந்து வகுப்பு நடக்கும் இடத்திற்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். இருட்டிய பிறகு வீட்டிற்குத் திரும்ப அழைத்துவரவும் ஒருவர் வேண்டும். பெற்றோர் இருவரும் மாலையில் வேலையில் இருக்கும் வீட்டில் அந்த ஒருவர் இல்லை. பத்து வயதுப் பெண்பிள்ளை தன் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வீட்டில், வகுப்பிற்கு வருவதென்றால் தம்பியையும் உடன் அழைத்துவருவதைத் தவிர வேறு வழியில்லை. பேருந்துக் கட்டணம், பயிற்சி ஏடு, நிகழ்ச்சிக்கான உடை, தேர்வுக் கட்டணம் என்று பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேரும் சிறு செலவுகள், ‘இலவசம்’ என்ற சொல்லை நம்பி வந்த தாயைத் தலைகுனியச் செய்கின்றன. அவர் அதைப் பற்றி யாரிடமும் முறையிடுவதில்லை; பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்.

ஆகவே வகுப்பைப் பள்ளிக் கட்டடத்திலேயே, கடைசி மணி அடித்தவுடன் தொடங்கும்படி அமைப்பதே எல்லாவற்றிலும் சிறந்த ஏற்பாடு. அதற்கு இயலாதபோது, பிள்ளைகளைக் குழுவாக அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிடும் பொறுப்பை அமைப்பே ஏற்க வேண்டும். தம்பி தங்கையர் அமர்ந்து விளையாட ஒரு மூலையும், பசியோடு வரும் பிள்ளைக்கு முதலில் சிறிது சிற்றுண்டியும் கூடுதல் சலுகைகளாகத் தோன்றலாம்; உண்மையில் இவை இல்லாவிட்டால் பாடத்திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது சென்றடைய வேண்டிய பிள்ளையைச் சென்றடையாது.

சேர்க்கை முறையிலும் கவனம் தேவை. ‘முதலில் பதிவுசெய்பவருக்கே இடம்’ என்பது நடுநிலையான விதிபோலத் தோன்றும். ஆனால் இணையப் படிவம் திறந்த ஒரு மணி நேரத்திற்குள் அதை நிரப்பி அனுப்பக்கூடிய குடும்பம் எது என்று எண்ணிப் பாருங்கள். இடங்களில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, வகுப்பாசிரியர்கள் வழியாகவும் நேரில் சென்று பேசுவதன் வழியாகவும் நிரப்புவதே நியாயம். அவை நிரம்பச் சில வாரங்கள் ஆனாலும் காத்திருக்கலாம்.

உடற்குறையுள்ள பிள்ளைகளைப் பொறுத்தவரை, ‘வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணமே அவர்களை வரவிடாமல் செய்கிறது. மாடியில் வகுப்பை வைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. இவர்களுக்கான வழிகள் புதியவையும் அல்ல. பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் தம் புள்ளி எழுத்து முறையை லூயி பிரெயில் 1829 இல் வெளியிட்டபோதே அதில் இசைக் குறியீட்டையும் சேர்த்திருந்தார். ஒரு கையால் மட்டும் வாசிக்கத்தக்க ரெக்கார்டர் குழல்கள் கிடைக்கின்றன. பன்னிரண்டு வயதளவில் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்த ஈவ்லின் கிளென்னி, அதிர்வுகளை உடலால் உணர்ந்து வாசித்தே உலகறிந்த தாளவாத்தியக் கலைஞரானார். என்ன ஏற்பாடு தேவை என்ற கேள்வியைச் சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டு, வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன் அதைச் செய்துவைத்தால் போதும்.

‘இசைஞானம்’ உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுப்பது

இடங்கள் குறைவாக இருக்கும்போது குரல் தேர்வு வைத்துச் சிலரை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆசை எழுவது இயல்பே. எனினும் எட்டு வயதுப் பிள்ளை ஒரு சுரத்தைச் சரியாகத் திருப்பிப் பாடுவது, அது வீட்டில் எவ்வளவு பாட்டுக் கேட்டு வளர்ந்தது என்பதையும் முன்பே யாரிடமாவது கற்றிருக்கிறதா என்பதையுமே பெரிதும் காட்டுகிறது. பிறவியிலேயே சுருதி வேறுபாட்டை உணர இயலாதவர்கள் நூற்றில் ஒருவர் அல்லது இருவர்தான். ஏனையோர் சுருதி தவறிப் பாடுவதற்குக் காரணம் பயிற்சி இன்மையே. பத்து நிமிடத் தேர்வில் ‘உனக்குப் பாட வராது’ என்று கேட்ட பிள்ளை அதை வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிவதை நான் கண்டிருக்கிறேன். நாற்பது வயதிலும் கூட்டத்தில் வாயசைக்க மட்டும் செய்பவர்கள் இருக்கிறார்கள். இடம் போதாவிட்டால் குலுக்கல் நடத்துங்கள், அல்லது காத்திருப்போர் பட்டியல் வையுங்கள். குரல் உடையும் பருவத்தில் இருக்கும் சிறுவர்களைச் சுருதி சேரவில்லை என்று ஒதுக்குவதும் இதே தவறுதான். அந்த மாதங்களில் அவர்களுக்குக் குறைந்த வீச்சுள்ள பகுதிகளைப் பாடக் கொடுக்கலாம், தாளக் கருவி ஒன்றைக் கையில் கொடுக்கலாம்.

கருவிகளை வாங்குவதோடு கணக்கை முடித்துக்கொள்வது

நன்கொடை வந்தவுடன் முதலில் செய்யப்படுவது கருவிகள் வாங்குவது. பளபளக்கும் வயலின்களும் கீபோர்டுகளும் வரிசையாக நிற்கும் புகைப்படம் நன்கொடையாளருக்கு மனநிறைவு தரும். ஆறே மாதத்தில் தந்திகள் அறுந்து, வில்லின் இழைகள் உதிர்ந்து, கிளாரினெட்டின் ரீடுகள் பிளந்து, பாதிக் கருவிகள் அலமாரிக்குள் போய்விடும். ஆகவே கருவி வாங்கும் நாளிலேயே பழுதுபார்ப்பதற்கும் உதிரிகளுக்கும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்து, அதை வேறெதற்கும் தொடாமல் இருக்க வேண்டும். தந்தி மாற்றவும் சுருதி சேர்க்கவும் வளர்ந்த மாணவர்களுக்கே கற்றுத்தருவது செலவையும் குறைக்கும், கருவியின் மீது அவர்களுக்கு ஓர் உரிமையுணர்வையும் தரும்.

அளவு தவறுவது இன்னொன்று. வயலின் முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்று பிள்ளையின் கை நீளத்திற்கேற்ற அளவுகளில் செய்யப்படுகிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் பெரியவர்களுக்கான முழு வயலினைக் கொடுத்தால், அதன் தோளும் கழுத்தும் வலிக்கும். விரல் சரியான இடத்தை எட்டாது. பிள்ளையோ தனக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டிவிடும். பிள்ளைகள் வளர்வார்கள் என்பதால் கருவிகளைச் சொந்தமாகக் கொடுப்பதைவிட நூலகம்போல இரவல் கொடுத்து, வளர வளர மாற்றித் தருவது பொருத்தமானது.

இரவல் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் உடனிருந்த ஒரு வகுப்பில், கருவியை வீட்டிற்கு எடுத்துச் செல்லும் முன் பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. கருவி சேதமானால் முழு விலையையும் தருவதாக அதில் எழுதியிருந்தது. அந்தத் தாளை வாங்கிச் சென்றவர்களில் பலர் திருப்பித் தரவில்லை, கருவியையும் எடுத்துச் செல்லவில்லை. நாங்கள் அதைப் பிள்ளைகளின் சோம்பல் என்று நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தோம். சேதத்தை அமைப்பே ஏற்கும் என்று தாளை மாற்றி எழுதிய பிறகுதான் அலமாரி காலியாகத் தொடங்கியது. வீட்டில் சாதகம் செய்ய இடமில்லாத பிள்ளைகளுக்காக வகுப்பறையை அரைமணி முன்னதாகத் திறந்து வைப்பதும் உதவும்.

எந்தக் கருவி, எந்த இசை என்பதை அமைப்பாளரே முடிவுசெய்துவிடுவதையும் இங்கேயே குறிப்பிடலாம். பதினைந்து வயது இளைஞன் கணினியில் தாளங்களை அடுக்கிப் பாட்டு அமைக்க விரும்பினால் அதுவும் இசைக் கல்வியே. பிள்ளைகள் ஏற்கெனவே நேசிக்கும் இசையை இழிவாகப் பேசித் தொடங்கும் வகுப்பில் அவர்கள் நீடிக்க மாட்டார்கள்.

ஆசிரியரையும் காலத்தையும் சிக்கனப்படுத்துவது

மேடையில் சிறந்து விளங்குபவர் இருபது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பை நடத்தவும் வல்லவராக இருப்பார் என்பது உறுதியில்லை. குழுவாகக் கற்பிப்பது தனிக்கலை: ஒருவரைத் திருத்தும் நேரத்தில் மற்ற பத்தொன்பது பேரின் கைகளும் காதுகளும் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பதே அதன் உயிர்நாடி. இத்தகையவரை ஊதியமின்றி வெகுகாலம் வைத்திருக்க முடியாது. தன்னார்வலர்கள் உதவியாக இருக்கட்டும். முதன்மை ஆசிரியருக்கு முறையான ஊதியம் கொடுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆசிரியர் மாறும் வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் முதல் பாடத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

காலத்தைப் பற்றி ஒரு தெளிவான சான்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வருவாய் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இலவச இசைக் கல்வி தரும் ‘ஹார்மனி ப்ராஜெக்ட்’ வகுப்புகளில் சேர்ந்தவர்களை, நீனா கிராஸ் தலைமையிலான நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வுக்குழு தொடர்ந்து அளந்து 2014 இல் முடிவுகளை வெளியிட்டது. ஒலிப்பில் நெருங்கிய அசைகளை மூளை பிரித்தறியும் திறன் ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் மாறவில்லை. இரண்டாண்டுகள் பயின்றவர்களிடம் மேம்பட்டிருந்தது. பத்து வார முகாம் நடத்திச் சான்றிதழ் வழங்கி முடிப்பவர்கள் பிள்ளைக்கு ஒரு நல்ல நினைவைத் தருகிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை. அதை இசைக் கல்வி என்று அழைப்பதுதான் சரியில்லை. இரண்டாண்டுக்கான நிதி உறுதியாகும்வரை பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்துக்கொள்வதே பொறுப்பான செயல்.

இசை தராததையெல்லாம் இசை தரும் என்று வாக்களிப்பது

‘இசை கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும், அறிவுத்திறன் வளரும்’ என்று துண்டறிக்கையில் அச்சிடுவது பெருவழக்கமாகிவிட்டது. இதன் ஊற்றுகளுள் ஒன்று 1993 இல் வெளியான ஒரு சிறு ஆய்வு. மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள் இடஞ்சார் புதிர்களை, அதாவது வடிவங்களை மனத்தில் உருவகித்து விடுவிக்கும் புதிர்களை, சற்றுச் சிறப்பாக விடுவித்தார்கள் என்றும், அந்த விளைவு கால்மணி நேரத்திற்கு மேல் நீடிக்கவில்லை என்றுமே அது சொன்னது. குழந்தைகளைப் பற்றியோ இசை கற்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை. பின்னர் 2020 இல் 54 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 6,984 பிள்ளைகளையும் ஒருங்கே எடுத்து ஆராய்ந்தபோது, இசை கற்காத ஒப்பீட்டுக் குழுவை முறையாக அமைத்த ஆய்வுகளில் பொது அறிவுத்திறன் மீதான விளைவு ஏறத்தாழச் சுழியாகவே இருந்தது.

இதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. மதிப்பெண்ணுக்காக அனுப்பப்பட்ட பிள்ளை, மதிப்பெண் கூடாத அந்தப் பருவத்தோடு வகுப்பிலிருந்து நிறுத்தப்படும். பாடுவதற்காக வந்த பிள்ளைக்கு அந்த ஆபத்து இல்லை. குழந்தை உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1989 இல் ஏற்கப்பட்டபோது, ஓய்வும் விளையாட்டும் கலைகளில் பங்கேற்பும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று அதன் 31 ஆம் பிரிவு வகுத்தது. அதில் தேர்ச்சி விழுக்காடு பற்றிய நிபந்தனை எதுவுமில்லை. நன்கொடை வேண்டி ஏழைப் பிள்ளைகளின் முகங்களை இரக்கம் தூண்டும் வகையில் படமெடுத்துப் பரப்புவதும் இத்தகைய மிகைவாக்குறுதியின் மறுபக்கமே. பதின்ம வயதுப் பிள்ளை அந்தப் படத்தைத் தன் நண்பர்களோடு பார்க்க நேரும் என்பதை மறக்கக் கூடாது.

சிறியவை என்று விட்டுவிடப்படுபவை

ஆண்டுவிழாவுக்காக ஒரே பாட்டை நான்கு மாதம் ஒப்பித்து, அதைத் தவிர வேறெதையும் கற்காமல் போகும் வகுப்புகள் உண்டு. மேடை ஏறட்டும், ஆனால் பயிற்சி நேரத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் அது எடுத்துக்கொள்ளட்டும். ஒலியளவையும் கவனிக்க வேண்டும். வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் கூடும்தோறும் அந்த நேரம் பாதியாகிறது என்பதால், 94 டெசிபலில் ஒரு மணி நேரமே பாதுகாப்பானது. சிறிய அறையில் டிரம்ஸ் வாசிக்கும்போது இந்த அளவு எளிதில் எட்டப்படும். காதடைப்பான்களும் சுவர்களில் தடித்த துணித் திரைகளும் தேவை. தனிவகுப்பு நடத்தும் அறைக்குக் கண்ணாடி பதித்த கதவோ திறந்த கதவோ இருக்க வேண்டும் என்பதிலும், ஆசிரியர்களின் பின்னணியைச் சேர்க்கும் முன் சரிபார்ப்பதிலும் எந்தத் தளர்வும் கூடாது.

வருகைப் பதிவேட்டை எண்ணிக்கைக்காக மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. எண்பது பேர் பயில்கிறார்கள் என்ற அறிக்கையில், சென்ற ஆண்டு இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை என்பது தெரிவதில்லை. இரண்டு வகுப்புகளுக்குத் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டிற்கு அந்த வாரமே ஒருவர் சென்றோ தொலைபேசியிலோ விசாரிக்க வேண்டும். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டால் அது குற்றச்சாட்டாக ஒலிக்கும். ‘வருவதற்கு எது கடினமாக இருக்கிறது’ என்று கேட்டால் பேருந்து நேரமோ, தம்பியோ, கிழிந்த காலணியோ, ஆசிரியர் சொன்ன ஒரு சொல்லோ பதிலாக வரும். அந்தப் பதிலை ஒரு ஏட்டில் எழுதி வைத்து, அடுத்த பருவத்தின் வகுப்பு நேரத்தை முடிவுசெய்யும் கூட்டத்தில் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும்.