பாலாற்று மணலில் ஜெனரேட்டர் இல்லாமல் ஷூட்டிங்

விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றில் ஒரு குறும்படம் எடுத்தோம். வாடகை ஜெனரேட்டரை ஐம்பதடி தள்ளி வைத்தும் வசனம் முழுக்க அதன் உறுமல்தான். கடைசியில் எல்லாவற்றையும் டப்பிங்கில் திரும்பப் பேச வேண்டியதாயிற்று. புகை வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அடுத்த படத்துக்குக் குட்டி யானையில் சோலாரை ஏற்றிவிட்டோம். வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்?

1. முதலில் கணக்கு

பேனல் வாங்க ஓடாதீர்கள். ஒவ்வொரு பொருளின் வாட்டையும் அது ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள். வருவது வாட் ஹவர். எங்கள் கணக்கு இது: 150 வாட் எல்இடி ஒன்று, 4 மணி நேரம், 600. 60 வாட் எல்இடி இரண்டு, 5 மணி நேரம், 600. கேமரா, மானிட்டர் பேட்டரி சார்ஜுக்கு 300. லேப்டாப்புக்கு 120. மொத்தம் 1,620. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 1,900 சொச்சம்.

பழைய 2,000 வாட் டங்ஸ்டன் லைட் ஒன்றே இத்தனையையும் ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். லைட்டை மாற்றாமல் சோலாருக்குப் போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். கேரவன் ஏசியையும் மறந்துவிடுங்கள்.

2. பேட்டரி, இன்வெர்ட்டர்

12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் பேட்டரி இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே வயது. சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 24 வோல்ட் செட், 2,560 வாட் ஹவர். அதில் 80 சதவீதம் மட்டும் எடுத்தாலும் நமக்குப் போதும். இன்வெர்ட்டரும் 24 வோல்ட், வீட்டுக் கரண்ட் மாதிரி சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வேவ்தான் வேண்டும். விலை குறைவு என்று நான் முதலில் ஸ்கொயர் வேவ் வாங்கினேன். கேமரா சார்ஜர் வண்டு மாதிரி ரீங்காரமிட்டு, தொட முடியாத அளவுக்குச் சுட்டது.

3. பேனல்

330 வாட் பேனல் இரண்டு. நல்ல வெயில் 5 மணி நேரம் என்று வைத்து, இழப்பு போக 70 சதவீதம் எடுத்தால் 2,310 வாட் ஹவர். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் 30 ஆம்பியர் எம்பிபிடி (பேனலிலிருந்து முடிந்தவரை அதிக பவரை எடுக்கும் வகை) சார்ஜ் கன்ட்ரோலர். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், அப்புறம் பேனல். கழற்றும்போது பேனல் முதலில். பேட்டரியை ஒட்டி ப்யூஸ் கட்டாயம்.

4. எங்கே வைப்பது

நம் ஊர் ஏறக்குறைய 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதே அளவு சாய்த்துத் தெற்கு பார்க்க வையுங்கள். வண்டிக் கூரையில் ஒட்டினாற்போல் படுக்க வைக்காதீர்கள், அடியில் காற்று போக வேண்டும். 330 வாட் என்பது பேனலின் சூடு 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். கத்திரி வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் 16 சதவீதம் போச்சு!

வெயிலை விட மோசமான எதிரி நிழல். ஒருநாள் மூன்று மணி இருக்கும். "இன்னாண்ணா, இந்த வெயில்ல ஆம்ப்ஸ் ஏற மாட்டேங்குது?" என்றார் லைட்மேன். மீட்டரில் 20 ஆம்பியர் இருந்தது 13-க்கு இறங்கியிருந்தது. சுற்றிப் பார்த்தால், கரையில் நின்ற ஒற்றைப் பனையின் நிழல், ரொம்ப அகலம்கூட இல்லை, இரண்டு பேனலையும் குறுக்கே வெட்டிக் கிடந்தது. பேனலுக்குள் செல்கள் சங்கிலியாகக் கோத்திருப்பதால் ஒரு துண்டு நிழலே ஒரு வரிசையை முடக்கும். நாலடி நகர்த்தினோம், சரியாகிவிட்டது. காலையிலேயே மதிய நிழல் எங்கே விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைத் திருப்பப் பிடிக்கும் தெர்மாகோலைப் பேனலில் சாய்த்து வைப்பவர்களையும் கவனியுங்கள்.

மணல் தூசியை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அதுவும் காலையில், சூடேறும் முன்.

5. பேட்டரிக்கு நிழல்

இந்த வகை பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பூட்டிய வண்டிக்குள் வைத்தால் அடுப்புதான். கீற்றுப் பந்தலோ மரத்தடியோ பார்த்து, பலகை மேல் வையுங்கள்.

பகல் காட்சி எடுக்கும் நேரமெல்லாம் சார்ஜ் ஏறட்டும், இருட்டிய பின் செலவழியுங்கள். இன்வெர்ட்டர் விசிறிக்கும் கொஞ்சம் சத்தம் உண்டு, இருபதடி தள்ளி வைத்தால் மைக்கில் வராது. எங்கள் சவுண்ட்காரருக்கு இப்போது வேறு தலைவலி: ஆற்றங்கரை சில்வண்டு.