கிறிஸ்துமஸ் விருந்துக்கு வளைய வடிவில் ஒரு ஷார்குட்டரி பலகை

ஷார்குட்டரி பிரெஞ்சுச் சொல். உப்பிட்டு, உலர்த்தி, புகையூட்டிப் பதப்படுத்தும் இறைச்சி வகைகளுக்கான பெயர் அது. இப்போது சீஸ், பழம், கொட்டைகள், கிராக்கர் (மொறுமொறு உப்பு பிஸ்கட்) எல்லாம் சேர்த்து அடுக்கும் பலகையையும் அப்படியே அழைக்கிறோம். அடுப்புப் பக்கமே போக வேண்டியதில்லை. அதனால் முதன்முதலாக விருந்து வைப்பவர்கள் யார் கேட்டாலும் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

பண்டிகைக் களை வர ரிப்பனும் மினுமினுப்பும் வேண்டாம். சாப்பிடும் பொருள்களின் நிறமே போதும்: பச்சை இலை வளையம், அதன் நடுநடுவே சிவப்பு.

எவ்வளவு வாங்குவது?

சாப்பாட்டுக்கு முன் கொறிக்க என்றால் ஒருவருக்கு 50 முதல் 60 கிராம் சீஸ், அதே அளவு இறைச்சி. எட்டுப் பேருக்கு இரண்டிலும் சுமார் 450 கிராம் வாங்கலாம். பலகைதான் சாப்பாடே என்றால் இரண்டு மடங்கு.

சீஸில் மூன்று வகை இருந்தால் போதும்: மென்மைக்கு பிரீ, நடுத்தரமாக கௌடா, கெட்டியாக நாள்பட்ட செடார். இறைச்சியில் சலாமியும் (வட்ட வில்லைகளாக வெட்டிய, பதப்படுத்திய இறைச்சி) புரோஷூட்டோவும் (மெல்லிய ஏடாக வெட்டிய, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை). கூடவே சிவப்புத் திராட்சை, மாதுளை முத்துகள், அத்திப்பழம், ஆலிவ், பாதாம், வால்நட், சிவப்பு நிற ஜாம், கிராக்கர். வளையத்துக்கு ரோஸ்மேரி (ஊசி போன்ற இலையுள்ள சமையல் மூலிகை) ஒரு பெரிய கட்டு; கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஹோலி, மிசில்டோ இரண்டும் கிறிஸ்துமஸ் அலங்காரச் செடிகள்தாம், ஆனால் அவற்றின் காய்கள் நச்சு. உணவுப் பலகையில் வைக்கவே கூடாது.

முதலில் இரண்டு அலங்காரங்கள்

பிரீயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வெட்டுங்கள். இளகிவிட்டால் கத்தியில் ஒட்டும். வட்டத்தைக் குறுக்காக அறுத்து, மேல் மூடி, கீழ்ப்பாதி என இரண்டாக்குங்கள். பிஸ்கட் வெட்டும் நட்சத்திர அச்சால் மூடியின் நடுவில் ஒரு துண்டை எடுத்துவிடுங்கள். கீழ்ப்பாதியில் ஜாமைத் தடவி மூடியை மேலே வைத்தால், வெள்ளைக்கு நடுவே சிவப்பு நட்சத்திரம் தெரியும்.

அடுத்தது சலாமி ரோஜா. வாய் குறுகலான கண்ணாடித் தம்ளர் ஒன்று வேண்டும். வாய் அகலமாக இருந்தால் பூவின் நடுவில் ஓட்டை விழும். சலாமித் துண்டைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்குமாறு விளிம்பில் மடித்துப் போடுங்கள். அடுத்த துண்டு முந்தையதன் மேல் பாதி ஏறட்டும். இப்படியே மூன்று சுற்று. அப்புறம் தம்ளரைப் பலகையில் கவிழ்த்து மெதுவாகத் தூக்குங்கள், ரோஜா நிற்கும். துண்டுகள் மெல்லியதாக இருப்பது முக்கியம். தடித்தவை மடிந்து நிற்காமல் விரிந்துவிடும்.

அடுக்கும் வரிசை

வரிசை சரியாக இருந்தால் அழகு தானாக வந்துவிடும். வட்டப் பலகையின் நடுவில் ஆலிவ் கிண்ணத்தை வையுங்கள். மூன்று சீஸையும் அதைச் சுற்றி முக்கோணமாக, இடைவெளி விட்டு வையுங்கள். இடைவெளிகளில் ரோஜாக்கள். புரோஷூட்டோவை அடுக்காமல், ஒவ்வொரு துண்டாகத் தளரச் சுருட்டிப் போடுங்கள். அப்போதுதான் பிரித்தெடுக்க வரும். பிறகு பழங்கள். வெளி விளிம்பிலும் கிண்ணத்தைச் சுற்றியும் ரோஸ்மேரியைச் செருகினால் வளையம் உருவாகிவிடும். மாதுளை முத்துகளை அதன் மேல் தூவுங்கள். கிராக்கர் கடைசியில்தான், பழத்தின் ஈரம் பட்டால் நமத்துப்போகும்.

கொட்டைகளைப் பலகையில் இறைக்காமல் தனிக் கிண்ணத்தில் வைப்பது என் வழக்கம். ஒவ்வாமை உள்ளவர் ஒருவர் வந்தாலும் மொத்தப் பலகையையும் அவர் ஒதுக்க வேண்டியிருக்காது. சைவர்கள் வருவதாக இருந்தால் சீஸுக்குத் தனித் தட்டு, தனிக் கத்தி. சில சீஸ்களில் பாலை உறைய வைக்க விலங்கு ரென்னட் சேர்ப்பார்கள் என்பதால் உறையையும் படித்து வாங்குங்கள். கர்ப்பிணிகள் பிரீ போன்ற மென்சீஸையும் பதப்படுத்திய இறைச்சியையும் தவிர்ப்பது நல்லது, அவற்றில் லிஸ்டீரியா கிருமி இருக்க வாய்ப்புண்டு. அவர்களுக்குச் செடார் வைக்கலாம்.

எப்போது வெளியே எடுப்பது?

சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. குளிர் விட்டால்தான் சீஸின் கொழுப்பு இளகி மணமும் சுவையும் வெளிவரும். மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. விருந்து நீளும் என்று தெரிந்தால் பாதியை ஃபிரிட்ஜில் வைத்திருந்து, தீரத் தீர நிரப்புங்கள்.

இன்னொன்று. முழுசாக இருக்கும் சீஸை முதலில் வெட்ட எல்லாரும் தயங்குவார்கள், பார்க்க அழகாக இருப்பதே காரணம். ஆட்கள் வருவதற்குள் நீங்களே ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு வெட்டி, கத்தியைப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.