கீழ் விலா வலி: ஸ்கேனில் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது

குனிந்து செருப்பு வாரை மாட்டும்போதும் படுக்கையில் புரளும்போதும், வலப்பக்கக் கீழ் விலா விளிம்பில் சுருக்கென்று குத்தி, பிறகு மணிக்கணக்கில் மந்தமாக நீடிக்கும் வலி எனக்கு இருந்தது. பித்தப்பைக் கல்லாக இருக்கலாம் என்று எடுத்த வயிற்று ஸ்கேனிலும், பின்னர் எண்டோஸ்கோப்பியிலும், எக்ஸ்ரேயிலும் எதுவும் தெரியவில்லை. விலாக் குருத்தெலும்பு அழற்சி என்று கொடுத்த மாத்திரைகள் வலியைத் தணித்தனவே தவிர நீக்கவில்லை. அந்த அழற்சி பெரும்பாலும் 2 முதல் 5 வரையிலான விலாக்கள் மார்பெலும்பைச் சேரும் இடத்தில்தான் வரும், என் வலியோ அதற்கு வெகு கீழே.

பலர் கவனிக்காமல் விடக்கூடிய குறி ஒன்று இருந்தது. வலிக்குச் சாப்பாட்டோடு தொடர்பில்லை, உடலைத் திருப்புவதோடு இருந்தது. சில சமயம் ‘டக்’கென்று ஒரு சொடுக்கும் கேட்டது. இதைச் சொன்னதும் எலும்பு மருத்துவர் விலா விளிம்புக்கு அடியில் விரல்களைக் கொக்கிபோல் மடக்கி, மெல்ல முன்னோக்கி இழுத்தார். அதே சொடுக்கு, அதே வலி. இடப்பக்கம் செய்தபோது எதுவும் இல்லை.

8, 9, 10ஆம் விலாக்களின் முன் நுனிகள் மார்பெலும்பை நேரடியாகத் தொடுவதில்லை. அவற்றின் பிணைப்பு தளர்ந்தால் நுனி நழுவி, விலாக்களுக்கு இடையே ஓடும் விலாவிடை நரம்பை உரசும். இதுதான் ‘நழுவும் விலா’ (slipping rib) நோய். அந்த நரம்பருகே மரப்பு ஊசி போட்டதும் வலி அடங்கியது, நோய் உறுதியானது. இடுப்பை முறுக்கும் அசைவுகளைத் தவிர்த்து, இயன்முறைப் பயிற்சியைத் தொடர்ந்ததில் இப்போது நிம்மதியாகப் புரண்டு படுக்கிறேன். மூச்சுத்திணறலோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் மட்டும், நுரையீரலையும் இதயத்தையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.