நிறத்தை நம்பாதீர்கள், தொடையைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் நம்ம திருநெல்வேலிப் பக்கம் குளியலறைச் சுவரிலும் வாழைத் தோப்பிலும் மரத்தவளை வந்து ஒட்டிக்கொள்ளும். பலர் தேரை என்றே சொல்வார்கள். வெளிறிப்போய் இருந்த அதே தவளை அப்புறம் பார்த்தால் கரும்பழுப்பாக இருக்கும். தோலின் நிறமி செல்களுக்குள் நிறமித் துகள் பரவினால் கருக்கும், ஒடுங்கினால் வெளுக்கும். அதனால் நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்.

விரல் நுனியில் வட்டத் தட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பின்தொடையின் உட்புறம்: கரும்பழுப்பில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது சாதாரண இந்திய மரத்தவளை. உட்கார்ந்திருக்கும்போது தொடை மறைந்திருக்கும், காலை நீட்டும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மலைக்குப் போனால் களக்காட்டின் பெயரையே தாங்கிய பறக்கும் தவளை உண்டு. 1927-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. முன்கை ஓரத்துத் தோல் மடிப்பும் குதிகாலில் கூரான தோல் நீட்சியும் அதன் அடையாளம். களக்காடு முண்டந்துறை காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இரவில் நுழையாதீர்கள்.

டார்ச்சை மெல்லிய துணியால் மூடிக்கொள்ளுங்கள். கொசு மருந்து பூசிய கையால் தொடவே வேண்டாம், தவளையின் தோல் அந்த மருந்தை உறிஞ்சிவிடும்.