பள்ளியை மூடுவதா, திறப்பதா: கடலோர ஊரில் கூட்டம் போட்டுப் பேசும் முறை

தொற்று பரவும் நாட்களில் பள்ளியை மூடும் உத்தரவு அரசிடமிருந்தோ மாவட்ட ஆட்சியரிடமிருந்தோ வரும். ஊர்க்கூட்டமோ பள்ளி மேலாண்மைக் குழுவோ அந்த உத்தரவை மீறித் திறக்க முடியாது. கூட்டம் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கையில் இல்லாத அதிகாரத்துக்காக முதல் அரை மணி நேரம் சண்டையில் போய்விடும். ஊர் முடிவு செய்யக்கூடியவை வேறு. தலைமையாசிரியர் வழியாக என்ன கோரிக்கை அனுப்புவது, காய்ச்சல் கண்ட பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது, அந்த நாட்களில் அந்த வீட்டுக்கு யார் துணை நிற்பது. இந்த மூன்றாவதைப் பேசாமல் எழுந்துபோகும் கூட்டத்தால் யாருக்கும் பயனில்லை.

நாளைக் குறிப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் கூட்டினால் அப்பாக்கள் வரமாட்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் வரமாட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞாயிறு காலைத் தேவாலயப் பூசை நேரத்தையும், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளி மதியத் தொழுகையையும் தவிர்த்துவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். காய்ச்சல் பிள்ளையோடு வீட்டில் உட்காரப் போவது அம்மாக்கள்தான். அவர்கள் இல்லாமல் போட்ட தீர்மானம் ஒரு வாரம்கூட நிற்காது.

வகுப்பறைக்குள் கூட்டம் வேண்டாம், திறந்தவெளியில் வையுங்கள். கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து அடிக்கும் என்பதால் கட்டிடத்தின் கிழக்கு ஓரமாக உட்காருங்கள். ஆளுக்கு ஆள் இரண்டு கை தூரம் இருக்கட்டும். மைக்கைக் கைமாற்றாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

தலைமையாசிரியர் கடைசி 5 பள்ளி நாட்களின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வகுப்புவாரியாக எத்தனை பேர் வரவில்லை, அதில் எத்தனை பேர் காய்ச்சலால் வரவில்லை என்று எழுதி வரட்டும். பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். கிராம சுகாதாரச் செவிலியரையும் கூப்பிடுங்கள். டெங்குக் காய்ச்சல் கொசுவால் வருவது, வகுப்பை மூடினால் நிற்காது. என்ன காய்ச்சல் என்று தெரியாமல் தொடங்கும் விவாதம் வதந்தியில்தான் முடியும்.

நடுவராக ஊர்த்தலைவரை உட்கார வைக்காதீர்கள். அவர் கருத்தைச் சொன்னதும் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள், அதனால் அவர் கடைசியில் பேசட்டும். ஆளுக்கு 3 நிமிடம், மொத்தம் ஒன்றரை மணி நேரம். அதில் கடைசி 30 நிமிடத்தைத் தீர்மானத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். முதல் சுற்று முடிந்ததும், பதில் சொல்ல எழுபவர் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். இந்த ஒரு விதியே பாதிக் கூச்சலை அடக்கிவிடும்.

இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது, இரு தரப்பு வாதத்திலும் ஓட்டையும் இருக்கிறது. “அவரவர் பொறுப்பாக இருந்தால் பள்ளியை மூட வேண்டியதில்லை” என்பவருக்கு: கொரோனா போன்ற தொற்று, அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். நல்ல பொறுப்புள்ள அம்மாவும் அதை அறிய வழியில்லை. பாட்டி, தாத்தா எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் பிள்ளையைத் தனியே வைப்பதும் முடியாத காரியம். ஆகவே வெறும் பொறுப்போடு நிற்காமல் எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பது, முகக்கவசம், மரத்தடி வகுப்பு என்று சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். காற்றோட்டத்தைப் பார்க்க வகுப்பின் நடுவே ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். புகை அங்கேயே சுற்றினால் அந்த அறையில் பிள்ளைகளை அடைக்க வேண்டாம்.

“மூடிவிட்டால் நிம்மதி” என்பவருக்கு: 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, ஆனால் ‘அ’ எழுதும் கையைப் பிடித்துத் திருத்த அங்கே ஆள் இல்லை. 2022-ல் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டதால், இன்று தொடக்கப் பள்ளியை மூடினால் சத்துணவோடு சேர்த்து இரண்டு வேளைச் சாப்பாடு நிற்கும். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள் என்பதும் நடக்காது. மீன் ஏலக்கூடத்திலும் கரையிலும்தான் கூடுவார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமென்றால் விசைப்படகில் போகும் அப்பா வீட்டில் இருப்பார், ஆனால் கையில் காசு இருக்காது. மூடுவதன் கணக்கு பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

“உங்க வீட்டுப் புள்ளையாலதான் பரவுச்சு” என்று யாராவது தொடங்கினால் நடுவர் அங்கேயே நிறுத்த வேண்டும். பழி விழுந்த வீடு அடுத்த முறை காய்ச்சலை மறைத்து, பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடும். அந்தப் பேச்சை இப்படித் திருப்புங்கள்: “அக்கா, புள்ளைக்குக் காய்ச்சல்னா நாளைக்கு நீங்க வேலைக்குப் போக முடியாது. அன்னிக்கு வீட்டுச் செலவுக்கு என்ன செய்வீங்க?” பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும், காத்திருங்கள். ஒரு நாள் கூலியை விட முடியாத வீட்டிடம் பொறுப்பை மட்டும் கேட்பது நியாயமில்லை. மகளிர் குழுவிலிருந்து கைமாற்று, பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி, பாடம் சொல்லித்தர ஒரு கல்லூரிப் பிள்ளை என்று எது முடியுமோ அதை அப்போதே யார் செய்வார் என்று பெயரோடு எழுதுங்கள்.

மூடக் கோரும் தீர்மானம் என்றால் எந்த வகுப்புகள், எத்தனை பள்ளி நாட்கள், எதைப் பார்த்துத் திறப்பது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். “நிலைமை சரியாகும் வரை” என்று எழுதினால் திறக்கும் நாள் வராது. ஒப்புக்கொள்ளாதவர்களின் காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரியில் சேர்த்துக் கையெழுத்து வாங்கி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தின் தேதியைப் பள்ளி வாசலில் மட்டும் ஒட்டினால் போதாது, ஏலக்கூடத் தூணிலும் ஒட்டுங்கள்.